திருச்செந்தூருக்குத் தெற்கே

செந்தூர் எக்ஸ்பிரஸில் காலையில் வந்து இறங்குகிறவர்கள் அன்றைக்கு என்ன செய்வார்கள் என்று யாரும் சொல்லாமலே சொல்லிவிடலாம். கடலில் ஒரு முழுக்கு, நாழிக்கிணற்றில் தலையோடு ஒரு வாளி, சாமி தரிசனம், பன்னீர் இலை விபூதி, வள்ளி குகை, மத்தியானச் சாப்பாடு, லாட்ஜில் ஒரு தூக்கம், கோயில் வாசல் கடையில் சில்லுக்கருப்பட்டிப் பாக்கெட் ரெண்டு, திரும்ப ரயில். முருகனுக்கு ஒரு குறையும் வைக்காத பயணம். ஆனால் ஊரைத் தாண்டித் தெற்கே உவரி வரைக்கும் சுமார் 40 கிலோமீட்டர் கடற்கரை கிடக்கிறதே, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறார்களே என்று எனக்கு ஆற்றாமை உண்டு. நான் திசையன்விளைப் பக்கத்து ஆள். கொஞ்சம் ஊர்ப்பற்று கலந்துதான் பேசுவேன், கழித்துக்கொள்ளுங்கள்.

வருகிற சிநேகிதர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: “பார்க்கிற இடம் லிஸ்ட் ஒண்ணு அனுப்பு.” லிஸ்ட் அனுப்புவதில் பிரயோஜனம் இல்லை. எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு நேரமும் ஒரு மாசமும் உண்டு. உச்சி வெயிலில் தேரி என்கிற செம்மணல்காட்டுக்குப் போனால் உள்ளங்கால் பொரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மணப்பாடு என்கிற மீனவ ஊருக்குப் போய் மீன் ஏலம் எங்கே என்று கேட்டால் சிரிப்பார்கள், அன்றைக்குக் கடலுக்கு யாரும் போவதில்லை, எல்லாரும் பூசையில் இருப்பார்கள். கார்த்திகையில் வந்து பதனி கேட்டால் பனைமரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகவேண்டியதுதான். அதனால் எந்த மாசம் வருகிறீர்கள், என்ன கிழமை, எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்று முதலில் நான்தான் கேள்வி கேட்பேன். கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலை வைத்துத்தான் மற்றதெல்லாம்.

பங்குனியிலிருந்து ஆடி வரைக்குமான மாசங்களில் வந்தால், விடிந்ததும் கடலுக்குப் போகாதீர்கள். உடன்குடிப் பக்கம் பனங்காட்டுக்குள் போங்கள். திருச்செந்தூரை விட்டு வெளியே வந்தாலே ரோட்டின் இரண்டு பக்கமும் பனைதான். கலயம் தொங்குகிற மரங்களைப் பார்த்து வண்டியை நிறுத்தினால் போதும், ஆள் பக்கத்தில்தான் இருப்பார். இடுப்பில் அருவாப்பெட்டி, மரம் ஏறக் காலில் மாட்டும் தளநார், நெஞ்சில் மரம் உரசிக் காய்த்துப்போன தழும்பு. காலையில் ஏறிப் பதனி இறக்க வேண்டும், சாயந்திரம் மறுபடி ஏறிப் பாளையைச் சீவிவிட்டு வர வேண்டும். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை காய்ந்துபோகும். பனையேறிக்கு லீவு கிடையாது.

இறக்கிய பதனியைக் கண்ணாடித் தம்ளரில் கேட்டுவிடாதீர்கள். குருத்தோலையை மடக்கி, ஒரு முனையை ஓலைக் கிழிசலாலேயே கட்டிப் பட்டை பிடித்துக் கொடுப்பார்கள். இரண்டு கையாலும் ஏந்தி, விளிம்பில் வாயை வைத்துச் சாய்க்க வேண்டும். முதல் தடவை குடிக்கிறவருக்குப் பாதி சட்டையில் போகும். பச்சை ஓலை வாசம் முதலில் வரும், அப்புறம் இனிப்பு, கடைசியில் நாக்கின் அடியில் சுண்ணாம்பு கொஞ்சமாகத் தட்டுப்படும். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவித்தான் மரத்தில் கட்டுகிறார்கள். தடவாவிட்டால் அது பதனி இல்லை, கள். கள்ளுக்குத் தமிழ்நாட்டில் தடை. சீசன் ஒத்துவந்தால் நுங்கைச் சீவிப் பட்டையிலேயே போட்டுத் தருவார்கள், மாங்காய்க் கீற்றும் உண்டு.

“வெயில் ஏறிட்டுன்னா ருசி போயிரும் தம்பி. எட்டு மணிக்குள்ள வந்துரணும்,” என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். “ஒம்பது மணிக்கு வாரவங்களுக்கு என்ன அண்ணாச்சி செய்வீங்க?” என்று கேட்டேன். “அவங்களுக்குக் கருப்பட்டி இருக்குல்லா,” என்றார்.

அந்தக் கருப்பட்டி காய்ச்சுவதையும் பார்த்துவிட்டு வாருங்கள். பதனியை வடிகட்டிப் பெரிய சட்டியில் ஊற்றி, காய்ந்த ஓலையும் மட்டையும் வைத்து எரிப்பார்கள். பெரும்பாலும் பெண்கள் வேலை. மரம் ஏறுகிற வீட்டுக்காரர் பேர் வாங்குவார், அடுப்பு முன்னால் மணிக்கணக்கில் வேகிறவர்கள் பேர் வெளியே தெரியாது. பொங்கி வழியப் பார்க்கும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டால் நுரை சட்டென்று அடங்கும். பதம் வந்ததும் மணலில் வரிசையாகப் பதித்து வைத்திருக்கிற தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றுவார்கள். அரைவட்டக் கருப்பட்டியின் முதுகில் சிரட்டையின் கோடுகள் விழுந்திருப்பது இதனால்தான். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு வந்தாலும் சீனி கலப்பு நின்றபாடில்லை. உடைத்துப் பார்த்து, உள்ளே பளபளவென்று சீனி மின்னினால் வாங்காதீர்கள் என்பது வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கணக்கு. என் கணக்கு அதைவிடச் சுலபம்: விலை ரொம்ப மலிவாக இருந்தால் கலப்பு. அத்தனை லிட்டர் பதனியை வற்றவைத்து, அத்தனை தடவை மரம் ஏறி இறங்கி எடுத்த பண்டத்தைச் சீனி விலைக்குப் பக்கத்தில் யாராலும் தர முடியாது.

ஒரு காலத்தில் குலசேகரன்பட்டினத்தில் கருப்பட்டியிலிருந்து சீனி எடுக்கும் ஆலையே இருந்தது. அதற்காகத் திசையன்விளை வரைக்கும் ஒரு சின்ன ரயில்பாதை போட்டு வண்டி ஓட்டினார்கள். சுதந்திரத்துக்கு முன்பே நின்றுபோனது. எங்கள் ஊர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போதெல்லாம் அந்த ரயில் ஞாபகம் எனக்கு வந்து எரிச்சல்தான் மிஞ்சும்.

பதனி சீசன் இல்லாத மாசத்தில் வருகிறவர்களுக்கும் பனை கைவிடாது. ஆவணி வாக்கில் பனம்பழம், திருக்கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டை, மார்கழி, தையில் பனங்கிழங்கு. அவித்த கிழங்கைத் தோல் உரித்து, நடுவில் ஓடும் தும்பை உருவிப்போட்டு, பல்லுக்கு வேலை கொடுத்துத் தின்ன வேண்டும். பஸ் ஜன்னல் வழியாகவே வாங்கலாம்.

அடுத்தது மணப்பாடு. திருச்செந்தூரிலிருந்து 18 கிலோமீட்டர். ரோட்டிலிருந்து ஊருக்குள் திரும்பும்போதே கடலை ஒட்டிய மணற்குன்றும் அதன் உச்சியில் திருச்சிலுவைக் கோயிலும் தெரியும். 1540 வாக்கில் புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்றின் தலைவர், கரை சேர்ந்தால் சிலுவை நடுகிறேன் என்று நேர்ந்துகொண்டு, ஒடிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து இங்கே நட்டார் என்பது ஊர் வரலாறு. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். குன்றின் கடல் பக்கத்தில் இருக்கும் குகையில்தான் தங்கி ஜெபித்தார் என்கிறார்கள். மேலே இருக்கும் கோயில் 1581ஆம் ஆண்டு கட்டியது. செப்டம்பர் 14 அன்று பெருவிழா. அதற்குப் பல நாள் முன்னாலேயே கொடியேற்றிவிடுவார்கள், அந்த நாட்களில் ஊருக்குள் கார் நிறுத்த இடம் தேடாதீர்கள்.

காலையில் திருச்செந்தூரில் வள்ளி குகைக்குள் குனிந்து நுழைந்துவிட்டு வந்தவர்கள், இங்கே சவேரியார் குகைக்குள்ளும் குனிந்துதான் நுழைய வேண்டும். ஒரே கடல், ஒரே உப்புக்காற்று அரித்த மணற்பாறை. இரண்டு இடத்திலும் உள்ளே போகிறவர்கள் சுவரைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். நான் கூட்டிக்கொண்டு போன பலபேருக்கு இந்த இரண்டு குகைகளையும் ஒரே நாளில் பார்த்ததுதான் பிடித்திருந்தது. கோயிலையும் சர்ச்சையும் தனித்தனிப் பயணமாக வைத்துக்கொள்கிறவர்கள் இதை இழக்கிறார்கள்.

குன்றின் மேலிருந்து வடக்கே பார்த்தால் வளைந்து கிடக்கும் கரையும் வரிசையாக ஏற்றி வைத்த படகுகளும், பின்னால் திரும்பினால் கருமேனியாறு கடலோடு சேருமிடத்தில் தேங்கி நிற்கும் கழியும் தெரியும். மழைக்குப் பிறகு கழி நிரம்பியிருக்கும்போது பார்ப்பதுதான் அழகு. காற்றுக் காலத்தில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்குகிறவர்கள் எங்கெங்கோ ஊர்களிலிருந்து இங்கே வருகிறார்கள். ஆனி, ஆடியில் அடிக்கிற காற்றில் நமக்கு வேட்டி நிற்காது, அவர்களுக்கு அதுதான் கொண்டாட்டம்.

ஊருக்குள்ளும் நடங்கள். கொழும்பு வியாபாரத்தில் செழித்த குடும்பங்கள் கட்டிய பெரிய பெரிய வீடுகள், உயரமான தூண்களோடும் மரவேலைப்பாட்டோடும் நிற்கின்றன. பாதி பூட்டிக் கிடக்கும். வாசலில் நின்று போட்டோ எடுக்கும் முன் திண்ணையில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்டால் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துப் பழைய கதை சொல்லுவார்கள். கேட்காமல் எடுத்தால் வேறு மாதிரிப் பேச்சு வாங்க நேரும்.

மீன் ஏலம் பார்க்க ஆசை என்றால் வார நாளில், காலை ஏழு எட்டு மணி வாக்கில் கரையில் இருக்க வேண்டும். பைபர் படகுகள் கரையேறும் நேரம் வலையையும் மீனையும் பொறுத்து மாறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ஆனால் அது விசைப்படகுகளுக்குத்தான், சின்னப் படகுகள் போய்வரும். சாளை மீன் குவியலாக, பாறைமீனும் விளமீனும் தனித்தனியாக மணலில் கிடக்க, ஏலக்காரர் விலையை ஏற்றிக்கொண்டே போவார். ரொம்ப வேகம். பக்கத்தில் நிற்கும்போது கையைக் காலை ஆட்டி வைக்காதீர்கள் என்று வருகிறவர்களிடம் சொல்லி வைப்பேன், பாதி விளையாட்டாக. பதனியும் ஏலமும் ஒரே நேரத்தில் வருகிறதே என்றால், ஆமாம், அதற்காகத்தான் ஒரு ராத்திரி தங்கச் சொல்கிறேன்.

தேரிக்கு வருகிறேன். இதுவரைக்கும் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொன்னாலும் நம்பிக்கை வராது: கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, கண் எட்டும் தூரம் வரைக்கும் மிளகாய்ப்பொடி கொட்டி வைத்தது போல ஒரு மணல்காடு. காற்று கொண்டுவந்து குவித்த மணல், அதன்மேல் இரும்புத்துரு படிந்ததால் இந்தச் சிவப்பு. தேரிக் குடியிருப்பு, காயாமொழிப் பக்கம் இது பரந்து கிடக்கிறது. குதிரைமொழித் தேரி என்று பெயர். இந்த மேடுகளில் மிகப் பழைய மனிதர்கள் செதுக்கிப் போட்ட, விரல் நக அளவுக்கான சின்னஞ்சிறு கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. அந்தக் காலத்திலேயே இங்கே ஆள் நடமாட்டம் இருந்திருக்கிறது.

மேலே ஏறிப் பாருங்கள். கழுத்து வரை மண்ணில் புதைந்த பனைமரங்கள் நிற்கும், ஓலையைக் கையால் தொடலாம். மரம் குட்டை இல்லை, மணல் ஏறிவிட்டது. காற்றுக் காலத்தில் நேற்று நடந்த தடம் இன்றைக்கு இருக்காது. அங்கங்கே கொல்லாமரம் (முந்திரிதான்), உடைமரம். உடைமுள் செருப்பைத் துளைத்துக்கொண்டு வரும் என்பதால் வெறுங்கால் வீரம் வேண்டாம். போக வேண்டிய நேரம் சாயந்திரம் நாலரைக்கு மேல். மழை ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்திருந்தால் நிறம் இன்னும் கறுத்து ரத்தச் சிவப்பாகும். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் மாற்றுத் துணி எடுத்துப் போங்கள், இந்தச் செம்மண் வெள்ளைச் சட்டையில் பட்டால் எந்த சோப்புக்கும் மசியாது. இது வனத்துறைப் பகுதி. ஜீப்பை மணலில் ஏற்றி வீடியோ எடுக்கிற ஆட்களைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

தேரிக்குள்ளே இரண்டு அய்யனார்கள் இருக்கிறார்கள். தேரிக் குடியிருப்பில் கற்குவேல் அய்யனார். மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார், இந்தச் செம்மணலுக்கு நடுவில் ஒரு சுனையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வற்றாத சுனை என்பார்கள். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கும்பிட எங்கெங்கோ இருக்கிற குடும்பங்கள் வண்டி கட்டி வந்துவிடும். கற்குவேல் அய்யனாருக்குக் கார்த்திகை மாசக் கடைசியில் கள்ளர் வெட்டு. கோயிலுக்குப் பின்னால் தேரியில் கள்ளனுக்குப் பதிலாக இளநீரை வெட்டுவார்கள். அந்தத் தண்ணீர் பட்ட மண்ணை அள்ள ஒரு கூட்டம் விழுந்தடித்துக்கொண்டு ஓடும் பாருங்கள். வீட்டிலும் கடையிலும் வயலிலும் அந்த மண்ணை வைத்தால் விளங்கும் என்பது நம்பிக்கை. ஊரில் பல கடைகளின் கல்லாப்பெட்டியில் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும், கேட்டால் காட்டுவார்கள்.

குலசை என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் குலசேகரன்பட்டினத்துத் தசராவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். முத்தாரம்மன் கோயில். புரட்டாசி நவராத்திரியில் பத்து நாள். வேண்டுதலுக்கு மாலை போட்டு, விரதம் இருந்து, வேஷம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை பிரித்து அம்மனுக்குச் செலுத்துவார்கள். காளி வேஷத்துக்கு விரதம் கடுமை. குறவன், குறத்தி, போலீஸ், எமன், குரங்கு, பிச்சைக்காரன் என்று எது வேண்டுமானாலும் கட்டலாம். பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம், அன்றைக்கு லட்சக்கணக்கில் கூட்டம். பிள்ளைகுட்டியோடு வருகிறவர்கள் அன்றைக்கு வராதீர்கள் என்பேன். ஐந்தாம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் வாருங்கள். திருச்செந்தூர், உடன்குடி ரோட்டில் டவுன் பஸ் ஏறினால் போதும். முன்சீட்டில் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு எமன் உட்கார்ந்து, சில்லறைக்காகக் கண்டக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

மற்ற மாசங்களில் குலசை அமைதியான ஊர். 1942இல் இங்கே இருந்த உப்பளக் கிடங்குக்குள் சுதந்திரப் போராட்டக்காரர்கள் நுழைந்தபோது லோன் என்ற வெள்ளைக்கார அதிகாரி கொல்லப்பட்டார், வழக்கில் தூக்குத் தண்டனை வரைக்கும் போனது, பின்னால் அது குறைந்தது. இப்போது ஊர்ப் பேச்சு முழுக்க ராக்கெட் தளம். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 2,000 ஏக்கருக்கு மேல் நிலம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், அதில் எரிபொருள் வீணாகும். இங்கிருந்து தெற்கே கடல்தான், நேராக விடலாம். சின்ன ராக்கெட்டுகளுக்கு அந்த மிச்சம் பெரிது. கொஞ்சம் வடக்கே கல்லாமொழியில் உடன்குடி அனல்மின் நிலையம், 660 மெகாவாட்டில் இரண்டு அலகு. நிலக்கரி இறக்கக் கடலுக்குள் நீளமாகப் பாலம் போட்டிருக்கிறார்கள். கடற்கரைப் படத்தில் அது விழுந்துவிடுகிறது என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. எனக்குப் படம் போனதில் வருத்தமில்லை, வலை போடும் இடம் சுருங்குகிறவர்களின் குறைதான் பெரிது.

மழை வந்து கடல் பக்கம் போக முடியாத நாளில் உள்நாட்டு ரோட்டைப் பிடிக்கலாம். மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் என்ற வேல்ஸ்காரப் பாதிரியார் எழுப்பிய தூய பவுல் ஆலயம், கோபுரம் மட்டும் 192 அடி, பனங்காட்டுக்கு மேலே தூரத்திலிருந்தே தெரியும். முதலூரில் தேங்காய்ப்பால் விட்டுக் கிண்டும் மஸ்கோத் அல்வா. கையில் ஒட்டாது, வழுக்கும். திசையன்விளைக்குப் பக்கத்தில் இடையன்குடி, கால்டுவெல் வாழ்ந்த ஊர். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டவர், இந்த ஊர்ச் சர்ச்சைக் கட்டி முடிக்க 33 வருஷம் எடுத்துக்கொண்டு 1880இல் திறந்தார். 1891இல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கே கொண்டுவந்துதான் அடக்கம் செய்தார்கள். அவர் இருந்த வீடு அரசு நினைவில்லமாக இருக்கிறது. தமிழ் படித்தவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம், மற்றவர்கள் அல்வாவோடு திரும்பிவிடலாம், தப்பில்லை.

உவரியில் இரண்டு கூட்டம். அந்தோணியாரைத் தேடி வருகிறவர்கள் செவ்வாய்க்கிழமையில், சுயம்புலிங்க சுவாமியைத் தேடி வருகிறவர்கள் தைப்பூசத்தில். சுயம்புலிங்க சுவாமிக்கு நேர்ச்சை காசு பணம் இல்லை: கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து வந்து கரையில் கொட்ட வேண்டும், நேர்ந்துகொண்ட பெட்டிக் கணக்குக்கு. வயசானவர்கள்கூட ஈரச்சேலையோடு நடப்பார்கள். கப்பல் வடிவில் கட்டிய மாதா கோயிலும் இங்கேதான்.

கடலில் இறங்குவது பற்றி ஒரு வார்த்தை. ஊர்ப் பையன்கள் நிற்கிற இடத்தில் மட்டும் நில்லுங்கள். பார்க்க அலை சின்னதாக இருக்கும், காலடி மண்ணை அரித்து இழுக்கும். மணப்பாட்டுக் குன்றின் கடல்பக்கப் பாறையில் செல்பிக்காக இறங்க வேண்டாம், பாசி. கழிப்பறை திருச்செந்தூரை விட்டால் கோயில்களும் சர்ச் வளாகங்களும்தான், பெண்களோடு வருகிறவர்கள் அதைக் கணக்கில் வைத்துப் புறப்படுங்கள். சாப்பாட்டுக்கு உடன்குடி, திசையன்விளை இரண்டிலும் ராத்திரி புரோட்டாக் கடைகள் உண்டு.

ஒரே நாள்தான், அதுவும் ஞாயிறுதான் என்கிறவர்கள் மீன் ஏலத்தை மறந்துவிடுங்கள். விடிந்ததும் பனங்காடு, பத்து மணிக்கு மணப்பாடு, மத்தியானம் உடன்குடியில் சாப்பிட்டுவிட்டு எங்கேயாவது நிழலில் படுத்து எழுந்து, நாலரைக்குத் தேரி. இருட்டும் முன் திருச்செந்தூர் வந்துவிடலாம், ராத்திரி ரயிலுக்கு நேரம் சரியாக இருக்கும். உவரியை அடுத்த தடவை வைத்துக்கொள்ளுங்கள். அதையும் அன்றைக்கே பார்த்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், ரயிலை விட்டுவிட்டு நாகர்கோவில் போய் அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டிவரும்.